பெட்டரியைக் குடித்தது யார்?

நம்ம வகுப்புக் குழுவில் போன கிழமை ஒருத்தி பாலத்தின் படத்தைப் போட்டிருந்தாள். பார்த்திருப்பீர்கள். மழை விட்ட நேரம், ஈரத் தார், இரண்டு பக்கமும் வெள்ளைக் கைப்பிடி, கீழே நம்முடைய தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு அவளுடைய மகன் கேட்டானாம்: பாலம் கட்டுமுன் நீங்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு நீந்தியா போனீர்கள்? நீங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் என் போனில் வரிசையாக வந்து விழுந்தது. படகில் போனோம் என்று ஒருவன் எழுதினான். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எனக்குப் போகவில்லை. அன்றைக்கு முழுக்க அடுப்படியிலும் பஸ்ஸிலும் அந்தப் படகு என்னோடு வந்துகொண்டே இருந்தது. டீசல் வாடை, ஈரச் சாக்கு வாடை, கொழுந்துக் கூடையில் ஊறிய பச்சை வாடை. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் நமக்கெல்லாம் மூக்குதான் முதலில் பின்னால் திரும்புகிறது போல. ஆகவே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீங்கள் படகில் உட்கார்ந்து பார்த்த கதை வேறு, படகோட்டியின் வீட்டில் உட்கார்ந்து பார்த்த கதை வேறு.

அணை கட்டித் தண்ணீர் ஏறி, பழைய வண்டிப்பாதையை விழுங்கியபோது நம்ம கீழ் டிவிசன் லயத்து வரிசை வீடுகள் மட்டும் ஒரு கரையில் தனியாக நின்றன. தொழிற்சாலை, பள்ளிக்கூடம், சிற்றாலயம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம், ஹாலிஎலை டவுனுக்குப் போகிற ரோடு எல்லாம் எதிர்க்கரையில். சுற்றி நடந்தால் பாதிப் பகல் போய்விடும். தேயிலைத் தோட்டம் ஒரு படகைக் கொடுத்தது. அதை ஓட்ட என் அப்பாவைப் போட்டது.

பச்சை அடித்த மரப் படகு. நடுவில் ஏதோ பழைய இயந்திரத்திலிருந்து கழற்றி வைத்த டீசல் எஞ்சின். முதலில் அதைக் கையால் சுற்றிக் கிளப்ப ஒரு இரும்பு ஹேண்டில் இருந்தது. ஒரு மழைநாளில் அது அப்பாவின் கையிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போனது. அப்பா குதித்துத் தேடினார், மூங்கிலால் துழாவினார், மறுநாள் காந்தம் கட்டிக் கயிறு விட்டார். கிடைக்கவில்லை. அந்த எஞ்சினுக்கு அந்த ஹேண்டில்தான் பொருந்தும். அது இன்றைக்கும் பாலத்துக்குக் கீழே எங்கோ சேற்றில் கிடக்கிறது. அன்றிலிருந்து பெட்டரி இருந்தால் படகு, பெட்டரி செத்தால் பலகை.

முன்பக்கம், மூக்கில், ஒரு மரக்கூட்டுக்குள் மாதா சொரூபம் இருந்ததே, நினைவிருக்கிறதா? நீலப் போர்வையின் ஓரம் சிராய்த்துப்போன மாதா. காலடியில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. பனி மூடிய நேரத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் கரையில் நிற்கிறவர்கள் படகு வருவதைத் தெரிந்துகொள்வார்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் கடைசி ஆள் இறங்கும்வரை அது எரிய வேண்டும் என்று அப்பா அதற்கு மட்டும் சாவி வழியாக இல்லாமல், நேரே பெட்டரியிலிருந்து, அடிப்பலகைக்குக் கீழே வயர் இழுத்திருந்தார். மாதாவின் முதுகுக்குப் பின்னால், கூட்டுக்குள்ளேயே ஒரு சுவிட்ச். எல்லாரும் இறங்கியதும் கையை விட்டு அணைப்பார். வீட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி, யோசிக்காமல் செய்கிற வேலை.

தபசு காலம் முற்றி, பாஸ்குவுக்கு, அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு, இரண்டு கிழமை இருக்கும்போது கோயிலில் சொரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடுவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா நம்ம படகு மாதாவையும் மூடினாள். கோயிலின் பழைய திரையில் வெட்டிய துணி, உள்ளே கறுப்பு லைனிங் வைத்துத் தைத்தது, கம்பளி மாதிரி கனம். மரக்கூட்டோடு சேர்த்துச் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டாள். அப்பா அந்த நேரம் கரையில் மா மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். மூடிய மாதாவை உயிர்த்த ஞாயிறுவரை யாரும் திறக்கக்கூடாது. அதற்கு விளக்கும் போடுவதில்லை. துக்க காலத்தில் மாதாவுக்கு ஏது வெளிச்சம்?

நான் படகின் மூக்கில் உட்காருகிறவள், உங்களுக்குத் தெரியும். ஓட்டுகிறவரின் மகள் என்ற திமிர். விடியற்காலைக் குளிரில் விரல் நுனி மரத்துப் போகும். அந்தக் கிழமைதான் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மூடிய மாதாவின் மேல் கையை வைத்தால் கதகதப்பாக இருந்தது. குட்டி போட்ட பூனையின் வயிற்றைத் தொட்ட மாதிரி. நான் யாருக்கும் காட்டாமல் இரண்டு கையையும் ஊதாத் துணியில் ஒட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். மாதா நம்மையெல்லாம் அப்படித்தான் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, தலையில் எண்ணெய் தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை.

மறுநாள் மாதா சில்லென்று இருந்தார். அதையும் சொன்னேன். நீ ஏதாவது சேட்டை பண்ணியிருப்ப, அதான் என்றாள்.

அன்றைக்குத்தான் எஞ்சின் முதல்முறையாகக் கிளம்ப மறுத்தது. அப்பா சாவியைத் திருப்பினார். ஒரு முனகல், பிறகு ஒரு 'டிக்', பிறகு ஒன்றுமில்லை. படகு நிறையப் பெண்கள், கூடைகள், நாம் எல்லோரும் வெள்ளைச் சட்டையில். ஆண்கள் பலகையால் தள்ளித் தள்ளி அக்கரை சேர்ந்தபோது பெரட்டு முடிந்திருந்தது. பிந்தி வந்தவர்களுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை என்று தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அந்தப் பெண்கள் வெறுங்கூடையோடு திரும்பிப் படகில் ஏறினார்கள். ஏறும்போது அப்பாவைப் பார்த்தார்கள். அது மோசம்.

பெட்டரியை ஹாலிஎலைக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வந்தார்கள். ஒரு ராத்திரி தாங்கும். மறு ராத்திரி விடிந்தால் செத்துக் கிடக்கும். பெட்டரி பழசு என்றார்கள். தொழிற்சாலை லொறியின் நல்ல பெட்டரியை மாற்றிப் போட்டார்கள். அதுவும் செத்தது.

இங்கேதான் நம்ம ஊர் மூளை வேலை செய்தது. லயத்தில் அப்போது கரண்ட் ஏது? டிவி வைத்திருந்தவர்கள் கார் பெட்டரியில்தான் பார்த்தார்கள். படம் பார்க்கும்போது நடுவில் திரை சுருங்கி, நடிகர்கள் குள்ளமாகி, பிறகு ஒரு புள்ளியாகிப் போய்விடுவார்களே, அதுதான் பெட்டரி தீர்ந்த அடையாளம். பெட்டரி என்றாலே நமக்கு டிவிதான். ஆகவே படகுப் பெட்டரி ராத்திரியில் தீர்கிறது என்றால் எவனோ அதைக் கழற்றிக்கொண்டு போய்ப் படம் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறான். இதற்கு மேல் யோசிக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. கிளாக்கர் ஐயா அப்பாவைச் சந்தேகப்பட்டார். அப்பா பெட்டரியை வாடகைக்கு விடுகிறார் என்று.

அப்பா சந்தேகப்பட்டது மாமாவை. அம்மாவின் தம்பி. நம்ம லயத்துக் கடைசிக் காம்பிரா வீட்டில் குடியிருந்தவர், டிவி வைத்திருந்தவர், ஞாயிற்றுக்கிழமை நாமெல்லாம் அவருடைய வாசலில் ஒருவர் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்து படம் பார்த்தோமே, அவர்தான். அப்பா வாயைத் திறந்து குற்றம் சொல்லவில்லை. ஒருநாள் அவருடைய வாசலில் நின்று, உன் பெட்டரி ரொம்ப நாளா நல்லாத் தாங்குதே என்று மட்டும் கேட்டார். மாமாவின் முகம் இறுகியது. அந்த ஞாயிறு டிவி போடவில்லை. அம்மா இரண்டு காம்பிராவுக்கும் நடுவில் கறிக்கிண்ணத்தோடு போய்ப் போய்த் திரும்பி வந்தாள்.

கிளாக்கர் ஐயா தொழிற்சாலை ஆளை வைத்து ஒரு இரும்புப் பெட்டி செய்து, பெட்டரிக்கு மேல் கவிழ்த்து, படகோடு சேர்த்து முறுக்கிப் பூட்டுப் போட்டார். சாவி அவர் இடுப்பில். பார்வைக்கு இரண்டு தடித்த வயர் மட்டும் ஒரு ஓட்டை வழியாக வெளியே வந்தது. இப்போ எவன் எடுக்கிறான் பாப்போம் என்றார். எவனும் எடுக்கவில்லை. பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. பெட்டரி செத்தது.

அதைப் பார்த்தாவது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவருக்குப் புரிந்ததோ வேறு: அப்பா கள்ளச்சாவி செய்துவிட்டார். படித்தவர், வேலையில் கெட்டிக்காரர், கெட்டவரும் இல்லை. ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதைவிட்டு இறங்க அவருக்குப் படி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு அவர் வயதில் நின்று பார்க்கிறபோது எனக்கே அப்படி எத்தனை மாடி இருக்கிறது.

பெட்டரியைக் கடைசியாக ஒருமுறை சார்ஜ் போட்டுத் தருவதாகச் சொன்னார். உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்கு அக்கரைச் சனத்தை ஏற்றிக்கொண்டு படகு தானாக வர வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை படகைக் கரையேற்றி விற்றுவிடுவார்கள். அப்பா மலைக்கு, மண்வெட்டி வேலைக்கு. நாம் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றி நடக்க வேண்டும். அதை அப்பா வீட்டில் வந்து சொன்னபோது விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் கள்ளனாப் போனா போறேன், இந்தப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போயிருமே என்றார்.

பாஸ்குவுக்கு முந்திய பெரிய வியாழன் பின்னேரம். பெட்டரி சார்ஜ் ஏறி வந்து, பெட்டிக்குள் பூட்டுப்பட்டுக் கிடந்தது. அப்பா தகரக் கொட்டகையில் கட்டிய படகுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு தகரத்தால் அடித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். நான் படகு மூக்கில், என் இடத்தில். மாமா வந்தார். கையில் ஒரு பல்பு, இரண்டு துண்டு வயர், ஒரு சாவிக் குறடு. நாள்கணக்கில் பேசாதவர் நேரே படகுக்குள் கால் வைத்தார்.

"மச்சான், என்னையக் கள்ளன்னு நெனச்சீங்கள்ல. இன்னைக்குக் கள்ளனைப் புடிச்சித் தாறேன். அப்புறம் பேசிக்குவோம்."

அப்பா நகர்ந்து இடம் விட்டார்.

பெட்டியிலிருந்து வரும் ஒரு தடித்த வயர் எஞ்சின் உடம்பில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. பெட்டரியிலிருந்து போகிற கரண்ட் எல்லாம் எங்கே சுற்றினாலும் அந்த வயர் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். மாமா அதைக் கழற்றி, வயருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தன் பல்பைப் பிடித்தார். சாவி திருப்பவில்லை. எதுவும் போட்டிருக்கவில்லை. படகு தூங்கிக்கொண்டிருந்தது.

பல்பு எரிந்தது. மங்கலாக, பழுத்த நாரத்தங்காய் நிறத்தில். ஆனாலும் எரிந்தது.

"பாத்தீங்களா? எவனோ குடிச்சிக்கிட்டு இருக்கான்."

"எவன்?" என்றார் அப்பா.

"நான் இல்ல. நான் இங்க நிக்கிறேன்."

அம்மா தகரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. அப்பா எழுந்து பக்கத்தில் வந்தார். பூட்டுக்குள் இருக்கும் பெட்டரி, யாரும் தொடாத பெட்டரி, பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கக் களவு போய்க்கொண்டிருந்தது.

பிறகு வேட்டை. மாமா பல்பைப் பிடித்துக்கொள்ள, அப்பா வயர் வயராகக் கழற்றினார். முன் லைட்டின் வயரை இழுத்தார், பல்பு அசையவில்லை. ஊதுகிற ஹோனின் வயர், அசையவில்லை. சாவியின் பின்னாலிருந்த சிக்கலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். அம்மா அதை வாங்கி, எது எங்கேயிருந்து வந்தது என்று மறக்காமல் இருக்க, கொழுந்துப் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்குகிற மாதிரி துணிக்கிழிசலால் முடிச்சுப் போட்டு வைத்தாள். படகின் குடல் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பல்பு மட்டும் அதே நாரத்தங்காய் நிறத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் கழட்டியாச்சு" என்றார் அப்பா. "எஞ்சினே குடிக்குது போல. இனி ஒண்ணும் செய்ய ஏலாது."

மாமா பல்பை உற்றுப் பார்த்தார். அவர் முகத்திலும் களைப்பு ஏறியது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எப்போதும் செய்வது போல, ஒன்றும் செய்ய முடியாதபோது செய்வது போல, துணியில் கையை வைத்தேன். கதகதப்பு இருந்தது. லேசாக, தூங்குகிற பிள்ளையின் மூச்சு மாதிரி. அப்போது என் தலைக்குள் இரண்டு கிழமையும் வரிசையில் வந்து நின்றன. சூடாக இருந்த காலைகள், நாம் போய்ச் சேர்ந்த காலைகள். சில்லிட்ட காலைகள், பலகையால் தள்ளிய காலைகள்.

"அப்பா, மாதா சில்லுன்னு இருக்கிற அன்னைக்குத்தான் எஞ்சின் எடுக்க மாட்டேங்குது."

"சும்மா இரு பாப்பா."

"இப்ப சூடா இருக்காங்க. தொட்டுப் பாருங்களேன்."

மாமாதான் முதலில் தொட்டார். தொட்டவர் கையை எடுக்காமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் துணி கட்டினப்ப லைட்ட நீங்க அணைச்சீங்கதானே?"

"நீ கட்டிட்டியே, அணைச்சிட்டுத்தான் நீ கட்டியிருப்பன்னு நான் இருந்தேன்."

"எஞ்சின் நின்னா அதுவும் நிக்கும்னு நான் இருந்தேன்."

ஊரே கள்ளனைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு கிழமையும் ஊதாத் துணிக்குள், கறுப்பு லைனிங்குக்குள், யாரும் பார்க்காமல், நம்ம மாதா ராப்பகலாக விளக்கெரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒவ்வொரு வயராகத் தேடியவர்களுக்கு அடிப்பலகைக்குக் கீழே போகிற அந்த வயர் மட்டும் ஞாபகத்தில் வரவில்லை. மூடினால் அது இல்லாத மாதிரி. வேறு எந்த ஊரில் இப்படி ஒரு கள்ளனைப் பிடித்திருப்பார்கள்?

மாமா துணியின் முடிச்சில் கை வைத்தார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். "டேய். ஞாயிறு வரைக்கும் திறக்கப்படாது."

"அக்கா, வேலை போகப் போகுது, நீ துணியப் பத்திப் பேசுற."

"வேலையும் போகாது, துணியும் அவுராது. பாப்பா கை சின்னக் கை. பாக்காம உள்ள விடு பாப்பா. மாதா முதுகுக்குப் பின்னால."

கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் மூடச் சொல்லவில்லை. மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. துணிக்கு அடியில் மரத்தின் சிராய், கண்ணாடியின் சூடு, ஒரு சிலந்திவலை, சொரூபத்தின் வழவழப்பான முதுகு, அதற்கும் கீழே ஒரு சின்னக் குமிழ். தட்டினேன். நான் கண்ணைத் திறக்குமுன்பே அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமாவின் கையிலிருந்த பல்பு அணைந்திருந்தது.

என் வாழ்க்கையில் விளக்கு வந்ததற்கு நிறையத் தடவை கைதட்டியிருக்கிறேன். விளக்கு அணைந்ததற்குக் கைதட்டியது அந்த ஒரு முறைதான். திரும்பவும் போடச் சொன்னார் மாமா. எரிந்தது. அணைக்கச் சொன்னார். அணைந்தது. போட்டு அணைத்து, போட்டு அணைத்து, அம்மா போதும் பெட்டரி தீரும் என்று அதட்டும்வரை நாங்கள் நிறுத்தவில்லை. அப்பா குடலையெல்லாம் திரும்பப் பூட்டினார். மாமா பிடித்துக்கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் பேசவில்லை. அம்மா போட்ட கிழிசல் முடிச்சுகளை மட்டும் மாறி மாறி அவிழ்த்தார்கள்.

பெரிய வெள்ளி துக்க நாள், படகு ஓடவில்லை. சார்ஜை மிச்சம் பிடிக்கச் சனியும் எடுக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அதற்குள் பெட்டரி செத்துக் கிடந்திருக்கும். ஞாயிறு விடிந்தபோது நம்ம லயம் முழுக்கப் புதுச் சட்டையில் தண்ணீர் ஓரம் நின்றது. நீங்களும் நின்றீர்கள். பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. நான் துணியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. பழக்கத்தில் பலகையைத் தேடிக் கை போனது. பிறகு விளக்கு அணைந்திருப்பதை நினைத்துக்கொண்டு எனக்கு நானே சிரித்தேன்.

அப்பா சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பு. அந்தச் சத்தத்தை நான் எழுத முடியாது. நீங்கள் கேட்டீர்கள். எஞ்சின் இருமக்கூட இல்லை. தூங்கி எழுந்த காளை மாதிரி நேரே நிமிர்ந்து நின்று முழங்கியது. தகரக் கொட்டகை அதிர்ந்தது. பெண்கள் கூடையே இல்லாமல் கையைத் தூக்கிக் குலவையிட்டார்கள்; பூசைக்குப் போகிறவர்கள் என்பதையும் மறந்து குலவையிட்டார்கள்.

நடுத்தண்ணீரில் அப்பா மாமாவை முன்னால் கூப்பிட்டார். சார்ஜ் தீரும் என்று அவர் அடிக்கவே விடாத ஹோனைக் காட்டினார்.

"மாப்புள, நீ அடி."

மாமா அடித்தார். எதிர்க்கரை வரை கையை எடுக்கவில்லை. கிளாக்கர் ஐயா கரையில் வெள்ளை உடுப்பில் நின்றார். அவருக்குப் பக்கத்தில், படகைக் கரையேற்றுவதற்கென்று கொண்டுவந்த கயிறு சுருட்டிக் கிடந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் ஹோன் வந்தது, பிறகு குலவை வந்தது, பிறகு நாங்கள் வந்தோம்.

அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு நடந்ததைச் சொன்னார். சுருக்கமாக, குரல் உயர்த்தாமல். கிளாக்கர் ஐயா நம்பவில்லை. மாமா பல்பை எடுத்தார், கரையில் வைத்தே காட்டினார். எரிந்தது, அணைந்தது. கிளாக்கர் ஐயா துணியைத் தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, குனிந்து, தன் கையாலேயே பூட்டைத் திறந்து, இரும்புப் பெட்டியைத் தூக்கிக் கரையில் வைத்தார். பூசைக்கு நேரமாச்சு, வாங்க என்றார். அப்பாவைப் பார்த்து 'வாங்க' என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெட்டியைப் பிறகு மாமா கேட்டு வாங்கி, அதன் மேல்தான் டிவியை வைத்தார். அதுவரை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

பூசை முடிந்து திரும்பும்போது அம்மா துணியை அவிழ்த்தாள். மாதா வெயிலில் கண் கூசின மாதிரி நின்றார். அப்பா பெரிய மனுசத் தோரணையில் சிவப்பு விளக்கைப் போட்டார். கரை வந்ததும் எல்லோருக்கும் முன்னால் அம்மா சத்தமாகக் கேட்டாள்: "மாதா லைட்டு?" அப்பா கையை விட்டு அணைத்துவிட்டு, பெரட்டில் பேர் சொல்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "அணைச்சாச்சு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கரையிலும், நாம் கேட்டோம். படகு முட்டியவுடன் புத்தகப் பையை மாட்டிக்கொண்டே எல்லோரும் ஒரே குரலில். அப்பா ஒருநாளும் சலிக்காமல் பதில் சொன்னார். படகு நின்று, பாலம் வந்து, அப்பாவும் போய்விட்டார். பாலத்தில் இப்போது ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறதாம். யார் அணைக்கிறார்களோ.

இதை எழுதி முடித்துவிட்டு நேற்று நம்ம குழுவில், பாலத்தின் படத்துக்குக் கீழே, ஒரே ஒரு வரி போட்டேன்: மாதா லைட்டு?

பதில் வராது என்றுதான் நினைத்தேன். கத்தாரில் இருந்து ஒருவன், கொழும்புத் துணிக்கடையிலிருந்து ஒருத்தி, ஹாலிஎலையில் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவன், படத்தைப் போட்டவளும்கூட. கேள்வி போய் ஒரு நிமிசம் ஆகவில்லை. ஒருவர் பின் ஒருவராக, என் போன் அதிர அதிர, அந்த ஒரே சொல் வந்துகொண்டே இருந்தது.

அணைச்சாச்சு. அணைச்சாச்சு. அணைச்சாச்சு.